பதினோராம் மாடியிலிருந்து ஓடியவளுக்கு

இன்று மதியம் மோர்மிளகாய் வறுத்தேன். எண்ணெய் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்துவிட்டது. நாலு மிளகாய் கருகி, அந்த நெடி அடுப்படியை நிறைத்துக்கொண்டு முன்கூடம் வரைக்கும் வந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றேன். எந்த மணியும் அடிக்கவில்லை. என்ன கருகுது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆமத்தூரில் இந்த வீட்டுக்குள் எது கருகினாலும் இருமுவதற்கு நான் ஒருத்திதான்.

உன் நினைப்பு வந்துவிட்டது. சோற்றை மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, வரிகள் கோணலாகத்தான் போகும். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய். நீ மூன்றாம் வகுப்பு.

உன் மகனுக்கு என் மகளைக் கொடுத்த நாளிலிருந்து நாம் ‘வாங்க மதினி, போங்க மதினி’ என்றே பேசினோம். சம்பந்திமார் அப்படித்தான் பேச வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பு இருபது வருஷத்துக்கும் மேலாக ‘ஏடி’ என்றே கூப்பிட்டுக்கொண்ட வாய்கள். கல்யாணத்துக்கு மறுநாள் நீ என்னைப் பார்த்து, “சாப்பிட்டீகளா மதினி?” என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நீ ஓர் அடி தள்ளிப் போய் நின்றுகொண்ட மாதிரியும் இருந்தது. இந்தக் காகிதத்தில் மட்டும் நீ எனக்குப் பழைய ஆளாகவே இரு.

விஸ்வநத்தத்து வெடிக் கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேர். நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து வெடிக்குத் திரி வைத்தோம். சீசன் நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தாலும் கையில் மருந்து வாசம் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே போர்மேன் நமக்குச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. எதை எடுக்கவும் திரும்பாதே. ஓட முடிந்த மட்டும் ஓடு. ஆள் வந்து சொல்கிற வரைக்கும் கட்டடத்துப் பக்கம் தலை காட்டாதே. படிப்பு என்று நமக்குச் சரியாக ஏறியது அது ஒன்றுதான்.

அந்த வைகாசி மாதம், மூன்று ரூம் தள்ளிச் சத்தம் கேட்டபோது நீ வாசலைத் தாண்டிவிட்டாய். நான் திரும்பினேன். சுவரோரம் என் தூக்குவாளி இருந்தது. புது வாளி, வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீ உள்ளே வந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தாய். முடியோடு பிடித்துத் தரதரவென்று வெளியே கொண்டு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு பொட்டல் வழியாக ஓடினாய். நாம் இருந்த ரூம் வெடித்த சத்தம் ஓடும்போதே முதுகுக்குப் பின்னால் கேட்டது. கருவேலங்காட்டுக்குள் போய் விழுந்த பிறகு நீ என் முதுகில் ஒன்று வைத்தாய்.

“எடுபட்ட சிறுக்கி, ஒரு வாளிக்காடி சாகப் போன?”

அப்புறம் நீதான் முதலில் அழுதாய். என் மகளுக்கு அப்போது நாலு வயசு. அவளுக்குத் தாய் மிஞ்சினாள் என்றால் அது உன் காலால்தான்.

அந்தப் பிள்ளை வளர்ந்து கணக்கு டீச்சர் ஆனாள். உன் பாண்டி இயற்பியல் படித்து வாத்தியார் ஆனான். விருதுநகரில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள், நாமும் கட்டி வைத்தோம். பிறகு இரண்டு பேருக்கும் வியட்நாமில் வேலை வந்தது. பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிற பெரிய பள்ளிக்கூடம். அந்த மாதிரிப் பள்ளிக்கூடங்களுக்குப் புருஷனும் பொண்டாட்டியும் வாத்தியார்களாக இருந்தால் ரொம்பப் பிடிக்குமாம். இரண்டு ஆளுக்கும் ஒரே வீடு கொடுத்தால் போதும் அல்லவா. அதற்கப்புறம் ஆமத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒருத்தர்கூடத் தப்பவில்லை. “எம் மக வெளிநாட்டுல வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கா” என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். நீ ஒரு தடவை என் காதில், “கண்டக்டருக்கு ரெண்டு தடவ சொல்லிட்டீக மதினி” என்றாய்.

பேத்தி யாழினிக்கு மூன்று வயசு ஆனபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டில் புருஷன், பொண்டாட்டி, பிள்ளை, அதோடு ஒரே ஒரு பெரியவர் தங்கலாம். பெரியவர் பெயரை வருஷ ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் ஆளை மாற்ற முடியாது. வேறு யாராவது விருந்தாளியாக வந்தால் ஒரு வாரத்தில் கிளம்பிவிட வேண்டும். பாட்டிகள் இரண்டு பேர், இடம் ஒன்று.

“நீங்க போங்க மதினி” என்றேன்.

“அதெப்படி, நீங்க பிள்ளையப் பெத்தவ அம்மா. நீங்க போங்க.”

“பேரனோ பேத்தியோ, அப்பத்தாவுக்குத்தான மொத உரிமை. ஊர்ல என்ன சொல்லுவாக?”

மூன்று வாரம் இப்படியே தள்ளிக்கொண்டிருந்தோம். நீ மனசோடு சொன்னாய். நான் வாயால் சொன்னேன். கடைசியில் முறைப்படி மகனைப் பெற்றவளாக நீதான் போனாய். நீ அங்கிருந்து போனில் முகம் காட்டி, “பதினோராவது மாடி மதினி, மேகம் கீழ போகுது. குழாயத் தொறந்தா சுடுதண்ணி வருது. சுவத்துல ஒரு ஆணி அடிக்க விடமாட்டாகளாம், சாமி படத்த அலமாரிக்குள்ள வச்சுக் கும்பிடுதோம்” என்று சொல்லும்போது யாழினி உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள். நான் சிரித்துக்கொண்டே இருப்பேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் எழுந்திருக்க மாட்டேன்.

இரண்டாம் மாதம் அது நடந்தது. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். நீ பேத்திக்குத் தயிர்ச்சோறு பிசைந்து வைத்துவிட்டு, உனக்கென்று நாலு மோர்மிளகாய் வறுத்தாய். நான் காய வைத்துக் கொடுத்தனுப்பிய மிளகாய்தான். அடுப்படிக் கூரையில் இருந்த குமிழ் புகையைக் கண்டுவிட்டது. கட்டடம் முழுக்க மணி அலறியது.

நீ என்ன செய்வாய்? நமக்குத் தெரிந்ததைச் செய்தாய். கரண்டியைப் போட்டாய், அடுப்பை அணைத்தாய், பிள்ளையை இடுப்பில் தூக்கினாய். போனைத் தொடவில்லை, செருப்பைத் தொடவில்லை. பதினோரு மாடிப் படியையும் வெறுங்காலோடு இறங்கினாய். கீழே பச்சைப் பலகை நட்டிருந்த இடத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மணி அடித்தால் அங்கே வந்து நிற்க வேண்டும், பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். அதுதான் அந்த ஊர் முறை. நீ அவர்களைத் தாண்டி ஓடினாய். கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கீரைப் பாத்திகளைத் தாண்டி ஓடினாய்.

திரும்பி வந்த பிறகு நீ என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “கட்டடத்துக்குப் பக்கத்துலயே கூட்டமா நிக்காக மதினி. கையில காப்பிக் கப்பு வேற. அம்புட்டுப் படிச்ச ஆளுக, இது என்ன புத்தி?”

அவர்கள் பெயர் கூப்பிட்டபோது நீ இல்லை, பிள்ளையும் இல்லை. நெருப்பு இல்லை என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பிள்ளை எங்கே என்று ஒன்றரை மணி நேரம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு என் மகளும் உன் மகனும் ஓடி வந்தார்கள். காவல்காரர்கள் தண்ணீர்த் தொட்டிக்குள்கூட எட்டிப் பார்த்தார்களாம். நீ கீரைக் கொல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு வரப்பில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஆள் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாய். உன் பாஷையில் வந்து சொல்ல அந்த ஊரில் ஆள் ஏது?

கட்டடம் கூட்டுகிற அம்மா ஒருத்திதான் உன்னைக் கண்டுபிடித்தாள். பச்சைச் சட்டை, தலையில் கூம்பாக ஓலைத் தொப்பி. நீ எழுந்து வர மறுக்கவே, அவள் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து போன் பண்ணினாள்.

புகைக்காக யாரும் கோபப்படவில்லை. பிள்ளையைக் காணோம் என்பதற்காகத்தான் பள்ளிக்கூடம் உன் மகனைக் கூப்பிட்டு வைத்துப் பேசியது. இனிமேல் அந்தப் பெரியவரைப் பிள்ளையோடு தனியாக விடக் கூடாது என்று சொன்னார்கள். அவனும் என்ன செய்வான்? வருஷம் முடியும் முன்பே உன் விசா முடிந்தபோது, புதுப்பிக்காமல் அனுப்பி வைத்தான். மதுரை விமான நிலையத்திலிருந்து நீ நேரே இங்கேதான் வந்தாய். நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“அடுத்த வருசமும் எம் பேரையே எழுதச் சொல்லுங்க மதினி. நானே கேட்டா எம் மவன் சங்கடப்படுவான். நீங்க உங்க மகட்டச் சொன்னா நடக்கும். நான் பழகிக்கிருவேன். இனிமே மணி அடிச்சா அவுக காட்டுற பலகைகிட்டயே நிக்கேன். எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல. பிள்ள வாசம் மூக்குலயே இருக்கு.”

சொல்கிறேன் என்றேன்.

சித்திரை மாதம் என் மகள் கூப்பிட்டாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள பேரு குடுக்கணும்மா. பிள்ள பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பிக்கா, பகல்ல யாரும் தனியாப் பாத்துக்கிற வேல இல்ல. அதனால அத்தை பேரையே குடுக்கலாம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாக. அத்தை வாராகளா?”

நான் சொன்னேன். “அவுகளுக்கு இன்னும் பயம் தெளியலம்மா. அந்த ஊருக்கே வரலைன்னுட்டாக.”

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்ன பிறகு திருத்துவதற்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நாள் இருந்தது. திருத்தவில்லை. உன்னிடம் வந்து, “பள்ளிக்கூடத்துல உங்க பேரு கூடாதுன்னுட்டாகளாம் மதினி” என்றேன். “அப்ப நீங்க போங்க. பிள்ளைக்கு எண்ணெ தேச்சு விடுங்க, அவளுக்குத் தேய்க்கத் தெரியாது” என்று சொன்னாய்.

நீயும் உன் மகனும் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசியிருந்தால் என் பொய் உடைந்திருக்கும். அவன் வேலைக்கு இடைஞ்சல் என்று நினைத்து நீ வாய் திறக்கவில்லை. பயந்தவளை வற்புறுத்தக் கூடாது என்று அவனும் கேட்கவில்லை. வாரா வாரம் போனில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டீர்கள். எந்த ஓட்டத்தால் நான் உயிரோடு இருக்கிறேனோ, அந்த ஓட்டத்தையே உன் குற்றமாக்கி உன் இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தேன்.

போய் என்ன கண்டேன் என்று உனக்குச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லோரும் அந்த ஒரே வளாகத்தில். காலை ஆறரைக்கு மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். லிப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்கும். மறுபடி அது திறக்கும்போது சாயந்திரம் நாலரை. நடுவில் இருந்த நேரம் முழுக்க எனக்குத்தான். துணி துவைக்க மிஷின், பாத்திரம் கழுவ மிஷின். சன்னலைத் திறக்க முடியாது, பிள்ளைகள் விழுந்துவிடும் என்று பூட்டியிருப்பார்கள். எதிர்க் கட்டடத்தில் ஒரு சன்னலில் இன்னொரு நாட்டுக்காரக் கிழவி உட்கார்ந்திருப்பாள், எந்த வாத்தியாருடைய அம்மாவோ. நான் கையை ஆட்டுவேன். அவளும் ஆட்டுவாள். அதோடு முடிந்தது அன்றைய பேச்சு. சாயந்திரம் அவர்கள் வந்ததும் பரீட்சைத் தாளை விரித்துவிடுவார்கள். “அம்மா, அஞ்சு நிமிசம்” என்பாள் என் மகள். அந்த அஞ்சு நிமிஷம் முடிவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். உன் கையிலிருந்து நான் பறித்தது பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை.

யாழினி ஒரு நாள் எண்ணெய் தேய்க்கும்போது கேட்டாள். “அம்மாச்சி, அப்பத்தா மாதிரி நீயும் என்னத் தூக்கிட்டு ஓடு. படியில அப்பத்தா பஸ்ஸு மாதிரி வந்தாங்க. அப்புறம் வாத்து பாத்தோம்.”

அந்தப் பிள்ளைக்கு அது பயந்த நாள் இல்லை. வந்ததிலேயே நல்ல நாள். இதை அன்றைக்கே போனில் உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ மறுபடி வரக் கேட்பாய் என்று சொல்லவில்லை.

கூட்டுகிற அம்மா என்னைப் பார்த்த முதல் வாரமே பிடித்துக்கொண்டாள். தன் மூக்கின் இரண்டு பக்கமும் விரல் வைத்துக் காட்டினாள், உன் இரட்டை மூக்குத்தி. பிறகு கையை விரித்தாள், எங்கே என்று. நான் ஆகாயத்தைக் காட்டி விமானம் மாதிரிக் கையை ஓட்டினேன். ஊரில் இருக்கிறாள் என்று சொன்னதாக நினைத்தேன். அவள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். ஆகாயத்தைக் காட்டியதால் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று எண்ணிவிட்டாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, அவள் கையைப் பிடித்து, நீ சாப்பிடுகிற மாதிரி, நடக்கிற மாதிரி எல்லாம் செய்து காட்டினேன். அவள் சிரித்தாள். அதற்கப்புறம் தினமும் மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். நானும் நன்றாக இருக்கிறாள் என்று தலையாட்டுவேன்.

தை மாதம் நெஞ்சுவலி என்றார்கள். சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே நீ போய்விட்டாய். உன் மகன் மட்டும் கிளம்பினான். என் மகளுக்குப் பரீட்சை நேரம், பிள்ளையைப் பார்க்க நான் இருக்க வேண்டும் என்றார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கீழே போனபோது அந்த அம்மா மூக்கைத் தொட்டாள். நான் தலையை ஆட்டவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். உனக்காக அந்த ஊரில் துக்கம் கேட்டது அவள் ஒருத்திதான்.

அந்த வேலை முடிந்து, அவர்கள் இப்போது வேறொரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறார்கள். போகும் முன்பு இந்த விடுமுறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். அங்கேயும் வீடு உண்டு, அங்கேயும் ஒரு பெரியவருக்கு இடம் உண்டு. என் பெயரை எழுதப்போவதாக என் மகள் சொன்னாள். நான் பெட்டிகூடத் துடைத்து வைத்தேன். இங்கே தனியாகக் கிடந்து பார்த்தாகிவிட்டது. அங்கே பகல்தான் பூட்டியிருக்கும், சாயந்திரம் ஆள் வரும்.

உன் மகன் விஸ்வநத்தத்து வீட்டைத் திறந்து பார்க்கப் போனான். நானும் கூடப் போனேன். உன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அம்மாவுக்கு எம் மேல கோவம் போகவே இல்ல அத்தை. பாதியில அனுப்பி வச்சுட்டேன்ல. அதான் மறுபடி வரமாட்டேன்னுட்டாக. பயம்னு உங்ககிட்ட சும்மா சொல்லியிருக்காக. எங்கம்மா எதுக்குப் பயந்தாக?”

இத்தனை வருஷமாக அவன் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது. உன்னைத்தான் ஏமாற்றினேன் என்று நினைத்திருந்தேன். பேசாமல் இருந்தால் நான் அந்த நாட்டுக்குப் போகலாம். பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

“மாப்பிள்ளை, உங்கம்மா வரமாட்டேன்னு சொல்லல. நான் சொன்னேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை, உன்னிடம் சொன்ன இன்னொரு பொய், எதையும் விடவில்லை. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அம்மா வரணும்னு ஆசைப்பட்டாகளா?”

“பிள்ள வாசம் மூக்குலயே இருக்குன்னாக.”

எழுந்து வெளியே போய்விட்டான். ரொம்ப நேரம் கழித்து வந்து கதவைப் பூட்டினான். கிளம்பும் நாளில் என் மகள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், பேத்தி முத்தம் கொடுத்தாள். அவன் பெட்டிகளைத் தூக்கி வைப்பதிலேயே இருந்தான்.

பெரியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் இந்த வருஷம் ஒன்றும் எழுதவில்லை. “இந்த வருசம் வேண்டாம்மா” என்றாள் என் மகள். அவளும் முன்போல் பேசுவதில்லை, ஆனாலும் பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுகிறார்கள். யாழினி புதுவீட்டைச் சுற்றிக் காட்டுவாள். அப்பா எங்கே என்று கேட்டால், “குளிக்கிறாங்க அம்மாச்சி” என்பாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் பேசுகிற நேரம் முழுக்க என் மருமகன் குளித்துக்கொண்டே இருக்கிறார்.

உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவனிடம் கேட்டேன். அவன் இன்னும் தரவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அவன் அம்மா அவன் மேல் கோபத்தோடு போகவில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு இல்லாத பயத்தை உனக்கு இருக்கிறதாகச் சொன்னவள் நான். இப்போது அது என்னிடமே வந்து தங்கியிருக்கிறது. போன் அடித்தால் பயமாக இருக்கிறது, இந்த வாரமாவது அவன் குரல் வந்துவிடுமோ, வந்தால் என்ன சொல்வானோ என்று. ஆனாலும் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறேன்டி.